"தீபாவளி முடிஞ்சு வாங்க" என்று சொல்லக்கூடாத மாத்திரை: மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெடிக்கல் கடை அண்ணன் தம்பிகளுக்கும், அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

இதைப் புகார்க் கடிதம் என்று நினைத்து மடித்து வைத்துவிட வேண்டாம். 11 வருடமாக உங்கள் தயவில் ஓடுகிற உடம்பு இது. கையில் காசில்லாத மாதம் கணக்கில் எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தவர்கள் உங்களில் உண்டு. மழை நாளில் பையனிடம் வீட்டுக்கே கொடுத்தனுப்பியவர்களும் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் தாராபுரம் பக்கத்துக்காரன். சொந்தத் தோட்டத்துத் தென்னையில் ஏறி, மேலே மட்டையைப் பிடித்த கை நழுவி விழுந்தேன். முதுகெலும்பு நடுவில் உடைந்து தண்டுவடம் நசுங்கியது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது, நானாக அசைக்கவும் முடியாது. அதனால் வரும் தசை இழுப்புக்காகத் தினமும் பேக்லோஃபென் 10 மில்லிகிராம் மாத்திரை ஆறு போடுகிறேன். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, ராத்திரி இரண்டு. மாதத்துக்கு 18 அட்டை. உங்கள் கடையில் இந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும்.

விழுந்த புதிதில் கால் இரண்டும் துவண்டு கிடந்தன. ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் விடிகாலையில் வலது கால் பெருவிரல் துடித்தது. அப்புறம் முழங்கால் தானாக மடங்கியது. அம்மா பார்த்துவிட்டு அலறிய அலறலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். "கால் அசையுது, என் பையன் எந்திரிச்சிருவான்!" அன்றைக்கே பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதலைப் போய் நிறைவேற்றியும் வந்தார். அது குணமாவதன் அறிகுறி இல்லை, தசை இறுக்கம் தொடங்குவதன் அறிகுறி என்று டாக்டர் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். ரொம்ப நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. தண்டுவடம் அடிபட்ட வீடுகள் பலவற்றில் இந்த ஒரு நாள் வந்து போயிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

விஷயம் இதுதான். தசைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் மூளையைக் கேட்காமல் நடக்கிற ஒரு போக்குவரத்து எல்லோருக்கும் இருக்கிறது. முள் குத்தினால் யோசிக்காமல் காலை இழுக்கிறோமே, அதுதான். மூளை மேலே உட்கார்ந்துகொண்டு "போதும், அடங்கு" என்று அதற்கு ஓயாமல் கடிவாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தண்டுவடம் நசுங்கினால் அந்தச் சொல் கீழே போய்ச் சேராது. எசமான் ஊரில் இல்லாத தோட்டத்து நாய், இலை விழுந்தாலும் குரைப்பது மாதிரி, போர்வை உரசினாலும் கால் வெட்டி இழுக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்வதும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குக் கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வதும் இதே வகைதான். எனக்கு இது வெறும் விறைப்பாக இருப்பதில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன், கால் ஒரு உதை விடும், டம்ளர் எதிர்ச் சுவரில் போய் விழும். ஒரு முறை அந்த உதையில் நாற்காலியை விட்டே வழுக்கிக் கீழே விழுந்தேன்.

இங்கேதான் பேக்லோஃபென் வருகிறது. 1962-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனிக்காரர்கள் இதை உருவாக்கியது வலிப்பு நோய்க்காக. வலிப்புக்கு அது சரிப்படவில்லை. ஆனால் தசை இறுக்கம் குறைவதைக் கவனித்துவிட்டார்கள். 1977-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. காபா என்று நரம்புகளுக்குள் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, அடக்கி வைப்பது அதன் வேலை. பேக்லோஃபென் அதன் சாயலில் செய்யப்பட்டது. தண்டுவடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மூளை சொல்ல முடியாத "அடங்கு" என்பதை இது சொல்கிறது. தசையில் இதற்கு வேலை இல்லை, நரம்பில்தான் வேலை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மாத்திரையை எடுத்த எடுப்பில் ஆறு கொடுக்க மாட்டார்கள். எனக்கு 5 மில்லிகிராமில் மூன்று வேளை என்று தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். முதல் வாரம் முழுக்கத் தூக்கம்தான். சோறு வாயில் இருக்கும்போதே தூங்கியிருக்கிறேன். கூட்டினால் தூக்கமும் துவளலும், குறைத்தால் இழுப்பு. நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதைப் பிடிக்கவே மூன்று மாதம் ஆனது. விறைப்பு முழுக்கப் போகவும் கூடாது என்பது வேறு கதை. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறும்போது அந்த விறைத்த கால்தான் எனக்கு ஊன்றுகோல். ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை ஏற்றினார். இழுப்பு அடியோடு நின்றுபோனது, கூடவே நானும் ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டேன். பிறகு 60-க்கே இறக்கினார்.

மூன்று மாதம் பாடுபட்டுப் பிடித்த அந்த அளவு, மூன்றே நாளில் கவிழ்ந்தது. போன வருடத் தீபாவளி அது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எட்டு மாத்திரை. முதல் தப்பு என்னுடையதுதான். 11 வருடப் பழக்கத்தில் வந்த மெத்தனம். மனைவி காலி அட்டை ஒன்றைப் பர்சில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழக்கமாக வாங்கும் கடையில் ஜவுளிக் கடைக்குப் போட்டியாகக் கூட்டம். "ஸ்டாக்கிஸ்ட்டு லீவுங்க அக்கா. தீபாவளி முடிஞ்சு வாங்க, நாலு நாள்தானே" என்றார். இரண்டாவது கடையிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் கெட்டவர் இல்லை, உதவத்தான் நினைத்தார். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க. இதைப் போடச் சொல்லுங்க, இதுவும் சதையைத் தளர்த்தற மாத்திரைதான்" என்று வேறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை. வேறு கடையாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இத்தனை பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பேக்லோஃபென் ரத்தத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். தீபாவளி ராத்திரியே கால்கள் பின்னிக்கொண்டன. மனைவியும் மச்சானும் சேர்ந்து பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அடுத்த நாள் உடம்பெல்லாம் அரிப்பு. தோலில் தடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் எறும்பு ஊர்கிற மாதிரி. சாயந்திரம் உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் ராத்திரி கட்டில் கால்மாட்டில் என் அப்பா உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு அது கொஞ்சமும் விநோதமாகத் தெரியவில்லை. "அப்பாவுக்கு ஒரு முறம் கொண்டா" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அப்போதுதான் பயந்தாள்.

ஆஸ்பத்திரியில் 103 டிகிரி காய்ச்சல் காட்டியது. டெங்குவா, சிறுநீரில் கிருமியா, மூளைக் காய்ச்சலா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ராத்திரி டியூட்டியில் இருந்த சின்னப் பொண்ணு, வயது 25 இருக்கலாம், அந்த டாக்டர் மட்டும் கேட்டார்: "இவர் வழக்கமாப் போடற மாத்திரை எதையாவது நிறுத்துனீங்களா?" மனைவி பர்சில் இருந்து அந்தக் காலி அட்டையை எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான். நரம்பில் டயசெபாம் ஏற்றி, பழைய அளவில் பேக்லோஃபெனைத் திரும்பத் தொடங்கினார்கள். மறுநாள் ராத்திரிக்குள் கால் பிரிந்தது, காய்ச்சல் இறங்கியது, அப்பாவும் போய்விட்டார்.

எனக்கு வலிப்பு வரவில்லை, அது அதிர்ஷ்டம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பிசகலாம், காய்ச்சல் ஏறலாம், இழுப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். இதே மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில் சின்ன பம்ப் வைத்துத் தண்டுவட நீரில் நேராகச் செலுத்துகிற முறையும் இருக்கிறது. அங்கே பம்ப் நின்றுபோனால் தசையே சிதைந்து உயிர் போகும் அளவுக்கு ஆபத்து. அந்த மருந்துப் பெட்டியின் எச்சரிக்கைக் கட்டத்திலேயே "திடீரென நிறுத்தக் கூடாது" என்று அமெரிக்காவில் அச்சடிக்கிறார்கள். மாத்திரையில் அவ்வளவு வேகம் இல்லை, ஆனாலும் பாதை அதே பாதைதான். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டு வாரம் எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி.

சரி, அந்த மூன்றாவது கடையில் கொடுத்த மாத்திரைக்கு வருகிறேன். அட்டையைப் பிறகு எடுத்துப் படித்தேன். அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் தயோகால்சிகோசைடு என்ற தசை தளர்த்தியும் சேர்ந்தது. இடுப்புப் பிடிப்புக்கு நீங்கள் தினம் தினம் எடுத்துக் கொடுப்பது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலனூரில் என் சித்தப்பா ஒன்றரை ஏக்கர் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறார். செங்காந்தள் என்று நம் மாநில மலராகப் படத்தில் போடுகிறோமே, அதேதான். காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். அந்த விதை சில வருடம் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், சில வருடம் கேட்க நாதி இருக்காது. தயோகால்சிகோசைடு செய்வதற்கான மூலப்பொருள் அந்த விதையில்தான் இருக்கிறது. ஆக, எங்கள் சித்தப்பா தோட்டத்துச் சரக்கே ஊரெல்லாம் சுற்றி அட்டைக்குள் ஏறி எனக்கே திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்!

அந்த மாத்திரை மோசம் என்று சொல்லவில்லை. மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவருக்கு நாலைந்து நாளைக்கு அது சரி. அதற்கும் கட்டுப்பாடு உண்டு என்பதை நீங்களே பலர் கவனிப்பதில்லை. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை இதை மறுபடி ஆராய்ந்து, வாய்வழி என்றால் 12 மணி நேரத்துக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உடம்பில் அது மாறும்போது உண்டாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்பது காரணம். நம் ஊரில் "ஒரு அட்டை குடுங்க" என்றால் ஒரு அட்டை போகிறது, தீர்ந்தால் இன்னொரு அட்டை.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. இரண்டுக்கும் "தசை தளர்த்தி" என்றுதான் பெயர். ஆனால் இடுப்புப் பிடிப்பு என்பது தசை தன் வலியால் இறுகிக்கொள்வது, கொஞ்ச நாளில் தானாகவே விடும். என்னுடையது நரம்புக் கடிவாளம் அறுந்ததால் வருவது, சாகும் வரை கூட வரும். பேக்லோஃபெனுக்குப் பழகிய நரம்புக்கு அந்த இடத்தை நிரப்ப தயோகால்சிகோசைடாலும் முடியாது, இடுப்புப் பிடிப்புக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான குளோர்சாக்சசோனாலும் முடியாது. பூட்டுக்குச் சாவி கேட்டால் "இதுவும் இரும்புதான்" என்று ஆணியைக் கொடுத்த கதை ஆகிவிடும்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். எங்களை மாதிரி ஆட்கள் ஒரு கடைக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். வாங்கி வைத்தால் ஓடாது, காலாவதியானால் திருப்பி எடுக்க ஸ்டாக்கிஸ்ட் முகம் சுளிப்பார். அதனால் கடை நிறைய அடுக்கச் சொல்லவில்லை. மாதாமாதம் வருகிற ஆளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, அவருக்கு ஒரு வாரத்துக்கான அட்டையை மட்டும் தனியாக ஒதுக்கி வையுங்கள். அவர் வாங்க வரும்போது பழையதைக் கொடுத்துப் புதியதை ஒதுக்குங்கள், காலாவதிப் பிரச்சினையே வராது. வேண்டுமானால் அந்த ஒரு வாரத்துக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடுத்திருக்கிறேன்.

இல்லாமலே போய்விட்டால், "இல்லை" என்ற சொல்லோடு ஆளை அனுப்பிவிடாதீர்கள். உங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் பத்து நிமிடத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். எங்குமே கிடைக்கவில்லை என்றால், "இதை நிறுத்தக்கூடாதுங்க, இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். இருக்கிற மாத்திரையை எப்படிக் குறைத்து இழுத்துக்கொண்டு போவது என்று டாக்டர் சொல்வார், அதை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வரி அன்றைக்கு மூன்று கடைகளில் ஒன்றில் சொல்லப்பட்டிருந்தால் என் மனைவி நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாள். அளவையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். 10 கேட்டவருக்கு 25 போய்விட்டால் ஒரே வேளையில் இரண்டரை மடங்கு. மெதுவாகக் கரைகிற வகை என்றால் அதைப் பிரித்தோ உடைத்தோ போடக்கூடாது, அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, இது உங்களைத் தவிர வேறு யாராலும் பிடிக்க முடியாத தப்பு. எங்களில் சிலருக்கு பேக்லோஃபெனுக்குப் பதில் டிசானிடின் எழுதுவார்கள். சிறுநீர் போக டியூப் வைத்திருப்பவர்கள் என்பதால் எங்களுக்குச் சிறுநீரில் கிருமி அடிக்கடி வரும். வந்தால் என்ன செய்வோம்? கடைக்கு வந்து "சிப்ரோ அஞ்சு நாளைக்குக் குடுங்க" என்போம். டிசானிடினும், சிப்ரோ என்கிற சிப்ரோஃப்ளாக்சசின் கிருமிக்கொல்லி மருந்தும் சேரவே கூடாது. கல்லீரல் டிசானிடினை உடைக்கும் வழியை சிப்ரோ அடைத்துவிடும், ரத்தத்தில் அதன் அளவு சுமார் 10 மடங்கு ஏறும். ரத்த அழுத்தம் சரேலென்று விழும், ஆள் மயங்குவார். டிசானிடின் எழுதியது நரம்பு டாக்டர், சிப்ரோ வாங்குவது நாங்களாகவே. இரண்டு அட்டையும் ஒன்றாகப் போய்ச் சேரும் ஒரே இடம் உங்கள் மேசை. "வேற என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பேக்லோஃபென் பெரும்பாலும் உடையாமல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. டயாலிசிஸ் செய்கிற என் மாமா ஒருவர், ராத்திரி கெண்டைக்கால் பிடிக்கிறது என்று என்னிடம் இரண்டு மாத்திரை கேட்டார். சொந்தக்காரர், கொடுத்திருப்பேன். அத்தைதான் "எதுக்கும் டயாலிசிஸ் டாக்டரைக் கேட்டுக்கறேன்" என்றார். அவர் வேண்டவே வேண்டாம் என்று போனிலேயே சத்தம் போட்டாராம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு மிகக் குறைந்த அளவே மூளையை மயக்கத்தில் தள்ளிவிடும். என் மாத்திரையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

"போன மாசத்தைவிட இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, இன்னும் ஒரு மாத்திரை சேத்திக் குடுங்க" என்று யாராவது வந்தால், கொடுக்காதீர்கள். எனக்கு இழுப்பு கூடும்போதெல்லாம் அடியில் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கிறது. டியூப் அடைத்திருக்கும், மலம் இறுகியிருக்கும், உட்காரும் இடத்தில் படுக்கைப்புண் தொடங்கியிருக்கும். ஒரு முறை வெறும் கால் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தது. எனக்கு வலி தெரியாது. அந்த இழுப்புதான் எனக்கு வலி. மாத்திரையை ஏற்றி அதை அடக்கினால் புண்ணைப் பற்றிச் சொல்ல வேறு யாரும் இல்லை. "டியூப் பாத்தீங்களா, புண்ணு பாத்தீங்களா?" என்று கேட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

தீபாவளிக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. இன்று காலை டப்பாவைக் கொட்டி எண்ணினேன், 96 மாத்திரை. 16 நாளைக்குக் காணும். மனைவி இந்த வாரமே வருவாள், வழக்கமான அட்டை, வழக்கமான அளவு, கூட ஒரு வாரத்துக்குச் சேர்த்து. இல்லை என்றால் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், தேட நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தினம் ஆறு மாத்திரை போடும் உங்கள் வாடிக்கையாளன்